சொல்லிவிட்டு விடுவது

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் முழங்கால் மட்டும் இந்த அறிக்கையில் கையெழுத்துப் போட மறுக்கிறது, அதைப் பொருட்படுத்த வேண்டாம். நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று உன் கையெழுத்தைப் பார்த்தே உன் அம்மா கண்டுபிடித்துவிட்டாள், நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வேலை ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிவிட்டார்கள், குழந்தையிடம் மட்டும் சொல்ல வேண்டாம், அடுத்த மாசம் வருவேன் என்றே சொல்லிவையுங்கள் என்று எழுதியிருக்கிறாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் பேசலாம்தான், ஆனால் உன் மகள் ஏழு வயதிலேயே இந்த வீட்டின் ஜட்ஜம்மாவாகிவிட்டாள், மணி அடித்தால் விசாரணைக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறாள்.

குழந்தையைத் தெரபிக்குத் தவறாமல் கூட்டிப் போய் வருகிறோம். பெரிய ரப்பர் பந்தின் மேல் உட்கார வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாகச் சாய்க்கிறார்கள், சாயாமல் இவள் உடம்பை நிமிர்த்திக்கொள்ள வேண்டும். பிறகு ஆடும் பலகை, அதன் பிறகு மெத்தைமேல் நின்று மேலே தொங்கும் மணியைத் தொடுவது. உன் பெரியப்பா மூளை முடக்குவாதம் என்ற பெயரை அப்படியே நம்பிவிட்டார், குழந்தையின் எதிரிலேயே இவளுக்கு நாம பேசறது புரியுமா என்று என்னைக் கேட்கிறார். போன முறை அவளே, எனக்குப் புரியுது பெரிய தாத்தா, உங்களுக்குத்தான் காது கேக்கலை என்றாள். அவருக்கு நிஜமாகவே காது கேட்காததால் உறவு நீடிக்கிறது.

சொல்ல வந்தது வேறு. நிற்கப் பழக்குவதற்காகத் தெரபி டீச்சர் ஒரு துண்டின் முனையை அவள் கையில் கொடுத்து மறுமுனையைப் பின்னால் நின்ற என்னிடம் கொடுத்தார். விழுகிற ஆளைத் துண்டா தாங்கும், ஆனால் மறுமுனையில் தாத்தா இருக்கிறார் என்ற நினைப்பே அவள் இடுப்பை நேராக்கிவிடும். சில வாரம் போனதும், சத்தம் போடாம விட்டுடுங்க சார், பக்கத்துல நான் இருக்கேன்ல என்று டீச்சர் காதோடு சொன்னார். சுவரிலிருந்த கண்ணாடியைத் திரை போட்டு மூடினோம். நான் விட்டேன். துண்டு தரையில் கிடந்தது, அவள் நின்றாள். அப்படியே பல நாள் நடந்தது. போன வாரம் ஒரு சாயங்காலம் நான் விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போயிருந்தபோதுதான் நீ போன் செய்தாய், பாப்பாவைப் பிடிச்சிருக்கீங்களாப்பா என்று கேட்டாய். பிடிச்சிட்டுதாம்மா இருக்கேன் என்றேன், கணீரென்று, அறையின் அந்தக் கோடியிலிருந்து. லைன் ஏன் சட்டென்று நின்றுபோனது என்று பிறகு கேட்டாயே, காரணம் இதுதான். அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள், தரையில் கிடந்த துண்டைப் பார்த்தாள். டீச்சர் கையை நீட்டினார், ஆனால் அவள் விழவில்லை. பின்னாலிருந்த ஸ்டூலைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, சொல்லிக்கொடுத்தபடியே முழங்காலை மடக்கித் தானாக உட்கார்ந்தாள். டீச்சர் கைதட்டினார். அவள் அழவில்லை, அழுதிருந்தால் நான் சமாளித்திருப்பேன்.

திரும்பும்போது பஸ்ஸில் என் மடியில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக இழுத்துப் பேசுகிற அந்தக் குரலில், தாத்தா, அம்மா அடுத்த மாசம் வரேன்னு சொல்றாங்கல்ல, அதுவும் இந்த மாதிரிதானா என்று கேட்டாள். நான் வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்தேன். பூட்டிய கடைகளைத் தவிர அங்கே பார்க்க ஒன்றுமில்லை. அவளுக்குப் பதில் கிடைத்திருக்க வேண்டும், மறுபடி கேட்கவில்லை.

அதன் பிறகு நிற்க வைத்தால் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்க்க ஆரம்பித்தாள். திரும்பினால் உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது, சாய்ந்தால் விழுகிறாள். உதட்டில் காயம். இத்தனை மாதம் பாடுபட்டுச் சேர்த்ததெல்லாம் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. உன் அம்மா சமையலறையில் பாத்திரங்களை உருட்டினாள், அவள் அழும் முறை உனக்குத் தெரியும். கடைசியில் டீச்சர் இவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, தப்பு என்னோடதுதான், இனிமே விடறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத்தான் விடுவேன் என்றார். ஜட்ஜம்மா சற்று யோசித்துவிட்டு, தாத்தாவும் சொல்லணும் என்று தீர்ப்பளித்தார்கள். நேற்று அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தாத்தா விடப் போறேன்மா என்றேன். இருங்க என்றாள். கால்களை அகற்றி வைத்துக்கொண்டாள், மூச்சை இழுத்துக்கொண்டாள், சரி விடுங்க என்றாள். விட்டேன். உடம்பு முழுக்க ஆடியது, இரண்டு கையும் காற்றில் துழாவின, ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. நின்றாள். எனக்குத்தான் உட்கார வேண்டியிருந்தது.

மாப்பிள்ளை தவறிய பிறகு நீ அந்த வேலைக்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல என்று எங்களுக்குத் தெரியும். உன்னைக் குறை சொல்லவும் நான் யார், அந்த அடுத்த மாசத்தை மாதாமாதம் இஸ்திரி போட்டு மடித்து அவளிடம் கொடுத்தது நாங்கள்தானே. ஆனால் இனி என்னால் முடியாதம்மா. இரண்டு வருஷம் என்பதை நீயே உன் வாயால் அவளிடம் சொல்லிவிடு. தனியாக நடப்பாள் என்று டீச்சர் வாக்குக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. நீ வரும்போது அவளுக்கு ஒன்பது வயதாகியிருக்கும், உன் மடியில் அடங்க மாட்டாள். இதை மென்மையாக எழுத வழி இருக்கிறதா என்று காலையிலிருந்து யோசித்தேன், இல்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. குளிருக்குக் காதை மூடிக்கொள். நீ எங்கே இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, இந்த ஞாயிற்றுக்கிழமை எப்போதும்போல இரவில் கூப்பிடாதே. இங்கே காலையாக இருக்கும்போது கூப்பிடு, உனக்கு அது நடு இரவு, ஒரு நாள் விழித்திரு. இரவில் சொன்னால் இருட்டில் படுத்துக்கொண்டு எங்களுக்குத் தெரியாமல் அழுவாள். காலையில் சொன்னால் அழுவதற்கு முழுப் பகலும் இருக்கிறது, நாங்கள் இருவரும் எங்கேயும் போகமாட்டோம்.

உன் அப்பா