ஏழாவது தட்டு இல்லாத சிம்பொனி

அண்ணை,

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கோபிக்கக் கூடாது. முதல் இரண்டு வருடமும் உங்கள் பழைய இசைத்தட்டுகளைக் கேட்க நான் உங்கள் வீட்டுக்கு வரவில்லை. கணவாய் மீன் கறிக்காகத்தான் வந்தேன். கண்ணை மூடிக்கொண்டு இருந்தேனே, அது ரசனை இல்லை. நித்திரை.

இன்று காலை உங்கள் கறுப்புக் கோட்டைத் தொங்கவிடும்போது பையில் உங்கள் கிராமபோன் ஊசி டப்பி தட்டுப்பட்டது. மூடியைத் திறந்தால் அதே மணம். இரும்பு, மெஷின் எண்ணெய், கொஞ்சம் உங்கள் குசினிச் சமையல். அதுதான் எழுதக் குந்தினேன். எட்டாம் வகுப்போடு நின்றவனின் எழுத்து. பிழை இருந்தால் அங்கே ஆரையாவது கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கோ.

ஜெர்மனிக்கு வந்து, எசன் நகர ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மெஷின். நீங்கள் விரிப்பைத் தள்ள, மற்றப் பக்கத்தில் நான் மடிப்பேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பழஞ்சாமான் சந்தைக்குப் போய்விடுவீர்கள். ஒருநாள் போட்டோ அல்பம் மாதிரித் தடித்த ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தீர்கள். உள்ளே ஏழு உறை, உறைக்கு ஒரு இசைத்தட்டு, எல்லாம் சேர்ந்தால் ஒரு முழு சிம்பொனி.

"யுத்தத்துக்கு முதல் பதிஞ்சது, தெரியுமோ?"

"எந்த யுத்தம் அண்ணை? எங்கடையோ, இவங்கடையோ?"

"இவங்கட."

ஒரு பக்கத்தில் நாலு நிமிடம்தான் கொள்ளும். பதியும்போது ஜெர்மன்காரரின் அவ்வளவு பெரிய வாத்தியக்குழுவும் நாலு நாலு நிமிடமாக நிறுத்தித்தான் வாசித்ததாம், நீங்கள்தான் சொன்னீர்கள். இடுப்பில் நாரி நோவால் உங்களுக்குச் சட்டென்று எழும்ப ஏலாது. சாவி கொடுக்கிறதும், ஊசியைத் தூக்குவதும், தட்டைப் பிரட்டுவதும் என் வேலை.

"எழும்படா, ஊசி கீறப்போகுது!"

"நாலு நிமிசத்துக்கு ஒருக்கா களைக்கினம் அண்ணை. எங்கட நாதஸ்வரக்காரர் விடிய விடிய ஊதுவினம்."

"வாயை மூடிக்கொண்டு பிரட்டு."

நாலாம் பக்கத்தில் வயலின்கள் அடங்குகிற இடத்தில் 'கிறீச்' என்று ஒரு சத்தம். யாரோ கதிரையில் அசைகிறான் என்றீர்கள். மூலவருத்தக்காரனாக்கும் என்றேன். சிரித்துச் சிரித்து இருமினீர்கள். பிறகு மெல்ல, "அந்தாள் செத்து எவ்வளவு காலமோ. கதிரை மட்டும் இன்னும் அசையுது பார்" என்றீர்கள். அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக நித்திரை கொள்ளாமல் கேட்டேன்.

ஏழாவது உறை வெறும் உறை. பன்னிரண்டாம் பக்கம் முடியும்போது இசை மேலே மேலே ஏறும். எல்லா வாத்தியமும் சேர்ந்து எதையோ சொல்ல வாயெடுக்கும். அதோடு கிர்ர்ர். அந்த ஒரு தட்டுக்காக ஆறு வருடம் சந்தை சந்தையாக அலைந்தோம். என் மகள் போனில் முடிவைப் போட்டுக் காட்ட வந்தபோது காதைப் பொத்தினீர்கள். "வேண்டாம் பிள்ளை. தொடங்கின ஆக்கள்தான் முடிக்கவேணும்."

கடைசியில் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே, நாங்கள் தோய்க்கிற விரிப்பிலேயே படுத்தீர்கள். "மடிப்புச் சரியில்லை. நீதானே?" என்று என்னை நக்கலடித்தீர்கள். பிறகு கையைப் பிடித்தீர்கள்.

"இனி ஆர் வாசிச்சாலும் பரவாயில்லை. நீ போய்க் கேள். முடிவு எப்படியெண்டு எனக்குச் சொல்லு."

"ஓம் அண்ணை" என்றேன். வாயில் ஒரு பகிடியும் வரவில்லை.

நேற்றுத்தான் அண்ணை, அதே சிம்பொனி இங்கே மண்டபத்தில் வாசித்தார்கள். உங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு மனுசியோடு போனேன். நடுவில் நிறுத்தவே இல்லை! எங்களுக்கு வெட்டுப்பட்டுக் கிடந்த இடமெல்லாம் ஒட்டிக்கொண்டு போனது. ஆனால் ஒவ்வொரு பக்கமும் முடிகிற இடத்தில் என் கால் தானாக எழும்பப் பார்த்தது. "சும்மா இருங்கோப்பா" என்று மனுசி தொடையில் கையை வைத்து அமத்திக்கொண்டே இருந்தாள். நாலாம் பக்கத்தில் கதிரைச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. நீங்கள் போய்விட்டீர்கள் என்பது செத்தவீட்டில்கூட எனக்கு அப்படி உறைக்கவில்லை.

ஊசி டப்பியை மகளிடம் கொடுத்துவிடலாம். காலில் இருக்கிற இந்தத் துடிப்பை யாரிடம் கொடுப்பது? அது உங்களுடையது, என்னோடுதான் இருக்கும்.

சரி, முடிவுக்கு வருகிறேன். பன்னிரண்டாம் பக்கம் முடிகிற இடம் வந்தது. மனுசி நித்திரையாகிவிட்டாள், தொடையில் கை இல்லை. நான் எழும்பிவிட்டேன், ஊசியைத் தூக்க. நான் வெளியே போகப்போகிறேன் என்று நினைத்துப் பக்கத்து ஜெர்மன்காரர் வழிவிட எழும்பினார். அவருக்கு அடுத்தவரும் எழும்பினார். வரிசை முடியும் வரைக்கும் பதினொரு பேர் எழும்பி நின்றார்கள். அத்தனை பேர் எழும்பின பிறகு திரும்பக் குந்துவது மரியாதை இல்லை. "டாங்கே, டாங்கே" என்று எல்லாருக்கும் நன்றி சொல்லிக்கொண்டு வெளியே போனேன். வாசிப்பு முடியும் மட்டும் உள்ளே விட ஏலாது என்று வாசலில் நின்ற பெண் சொன்னாள். கதவு நல்ல தடிப்பு, ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பிரெட்செல் ரொட்டி வாங்கித் தின்றேன். உப்புக் கூடிப்போச்சு.