கிளைகளுக்கு அடியில் வாகேஷோ

சகலா,
12 மே 1994

அன்புள்ள ம்வாகியோவுக்கு வாகேஷோ எழுதுவது.

நலமா? துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகு வலிக்கிறது என்றீர்களே, எண்ணெய் தேய்க்கிறீர்களா? இங்கே சோளம் இடுப்பளவு நிற்கிறது. வேலிக் கம்பியில் தேன்பெட்டிகளைத் தொங்கவிட்டதிலிருந்து யானைகள் வயலுக்குள் வரவில்லை. அவ்வளவு பெரிய உடம்பு, தேனீயின் ரீங்காரம் கேட்டால் ஓடுகிறது!

போன வாரம் விறகுக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு வேலமரத்தடியில் தூங்கிவிட்டேன். விழித்தபோது உடம்பெல்லாம் பாரம். கிளை, தழை, புல். இடுக்கு வழியே யானைக் கால்கள் தெரிந்தன. ஒரு தும்பிக்கை என் உள்ளங்காலை முகர்ந்தது. ஈர மூச்சு. தங்கள் இனத்தில் செத்ததை அவை இப்படி மூடும் என்று தெரியும். என்னையும் மூடிவிட்டன. மூச்சை அடக்கிக் கிடந்தேன். வெயில் தாழ்ந்த பிறகே அவை போயின. பக்கத்து வீட்டு மலெம்பா தேடி வந்து கிளைகளை விலக்கினாள். என் கையைத் தொட்டதும், "ஐயோ, சில்லுன்னு கிடக்காளே!" என்று அலறினாள்.

இப்போது தேவலை. ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள்.

உங்கள்
வாகேஷோ

மொம்பாசா,
25 மே 1994

அன்புள்ள வாகேஷோவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. நம் ஊர்க்காரன் கிசாகா என்னோடுதான் வேலை செய்கிறான். அவனிடம் சொல்லியிருக்கக் கூடாது. "யானை மூக்கு ஏமாறாதுடா. எங்கேயோ இருக்கிற தண்ணியையே மோந்துரும். அது பொணம்னு மூடினா பொணந்தான். எந்திரிச்சு வீட்டுக்கு வந்தது யாரோ?" என்றான். அவனைத் திட்டிவிட்டேன்.

கப்பல் வந்து நிற்கிறது. விடுப்பு கிடைக்காது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
ம்வாகியோ

சகலா,
9 ஜூன் 1994

அன்புள்ள ம்வாகியோவுக்கு,

கிசாகா சொன்னதை இங்கே எல்லோருமே சொல்கிறார்கள். நான் குழாயடிக்குப் போனால் குடங்களைத் தூக்கிக்கொண்டு விலகுகிறார்கள். கடைக்காரர் உப்பைக் கையில் தராமல் தரையில் வைக்கிறார். மலெம்பா தன் பிள்ளையிடம், "அந்த அத்தைகிட்ட பேசாதே, அது அத்தை இல்லே" என்றாள். என் காதுபடவே சொன்னாள்.

சிரிக்காதீர்கள், எனக்கே சில நேரம் சந்தேகம் வருகிறது. களி கிண்டும்போது உள்ளங்காலில் அந்த ஈர மூச்சு படுகிறது. குனிந்து பார்த்தால் ஒன்றுமில்லை. தூரத்துச் சத்தத்தை யானைகள் கால் வழியாகக் கேட்கும் என்பார்கள். இப்போது எனக்கும் தரையில் ஏதோ முணுமுணுப்பது கேட்கிறது.

நீங்கள் வந்து என் கையைப் பிடித்துப் பாருங்கள். சூடாகத்தான் இருக்கிறது.

வாகேஷோ

மொம்பாசா,
24 ஜூன் 1994

வாகேஷோ,

கோபப்படாதே. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நம் கல்யாணத்தன்று மழையில் ஒதுங்கி நின்றபோது உன்னிடம் நான் என்ன சொன்னேன்? அதை மட்டும் எழுது. அடுத்த பேருந்திலேயே வருகிறேன்.

ம்வாகியோ

சகலா,
6 ஜூலை 1994

ம்வாகியோவுக்கு,

அன்று மழையே பெய்யவில்லை. நல்ல வெயில். நீங்களும் ஒன்றும் சொல்லவில்லை, வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தீர்கள். மறந்துதான் கேட்டீர்களா, சோதிக்கவா? எதுவாக இருந்தாலும் இனி வர வேண்டாம்.

நேற்று ஓடைப்பக்கம் யானைக் கூட்டம் நின்றது. ஓடவில்லை. "நான் உயிரோடதான் இருக்கேன்!" என்று கத்தினேன். மனிதக் குரலில் ஆண், பெண் வித்தியாசம்கூட அவற்றுக்குத் தெரியுமாம். கிழட்டுப் பெண் யானை காதை விரித்துக் கேட்டது. பிறகு குட்டியைத் தள்ளிக்கொண்டு எனக்கு வழிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

தவேத்தாவில் இருக்கும் மிஷாய் அக்கா வீட்டுக்குப் போகிறேன். வயலை மலெம்பாவே பார்த்துக்கொள்ளட்டும்.

வாகேஷோ

தவேத்தா,
30 ஜூலை 1994

என் வாகேஷோவுக்கு,

இதை அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். மறந்துதான் கேட்டேன். சத்தியம்.

காலையில் கதவைத் தட்டினேன். மிஷாய் அக்கா பாதி திறந்து, "யாரைத் தேடி வந்தே?" என்றாள். உன் பெயரைச் சொன்னேன்.

"அவ செத்துட்டாளே. உங்க ஊருக்கே தெரியும், உனக்கு யாரும் சொல்லலையா?"

அப்போது உள்ளே ஒரு குழந்தை ஏதோ மழலை பேசியது. நீ சிரித்தாய். பாத்திரம் ஒன்று கீழே விழுந்து உருண்டது. அதற்கும் சிரித்தாய். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று.

"கேட்குது அக்கா, சிரிக்கிறா" என்றேன்.

"உனக்கு மட்டும் ஏதோ கேட்குது போல" என்று சொல்லி அக்கா தாழ்ப்பாளைப் போட்டாள்.

ம்வாகியோ