ஒன்பது நிமிடச் சோதனை

மார்ச் 3, திங்கள்
தோட்டங்களின் ஆள் பதிவுச் செயலியின் புதிய பதிப்பு வெளியே போய்விட்டது. பில்டு போடும்போது, அதாவது பதிப்பை வெளியிடத் தொகுக்கும்போது, பாதுகாப்புச் சோதனை தானாக ஓடாது; தனியாக ஓட்ட வேண்டும், ஒன்பது நிமிடம். முதலாளி அழகேசன் பின்னால் நின்று, "அதெல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம் லா, மாதவி" என்றார். விட்டுவிட்டேன். இங்கே ரவாங்கில் மழை.

மார்ச் 6, வியாழன்
புக்கிட் பெலிம்பிங் பக்கத்துத் தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதும் கிராணி கங்கா போனில் அழுதாள். அடிக்கிற புருஷனிடமிருந்து ஓடிவந்து ஆறு மாதமாக அங்கே லயத்து வரிசை வீட்டில் ஒளிந்திருந்தவள் புஷ்பா. நேற்று அவன் பாராங் கத்தியோடு வந்து கதவைப் பிளந்திருக்கிறான். அவளது இடது கை மணிக்கட்டோடு போய்விட்டது. அவன் தப்பிவிட்டான்.
"ஒங்க செயலிப் பக்கத்துல அவ பேரைத் தட்டுனா லயம், வீட்டு நம்பர் எல்லாம் வருது. பாஸ்வர்டுகூட கேக்கல. போனைக் காட்டிக் காட்டி வெட்டுனானாம்."

மார்ச் 7
சோதனையை ஓட்டினேன். மூன்றாவது வரியே சிவப்பு: பணியாளர் பட்டியல் எவருக்கும் திறக்கிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அந்தப் பக்கத்தை மூடினேன். இன்னும் ஐம்பத்திரண்டு சிவப்பு.
வெட்டியது அவன். வழி காட்டியது நான்.

மார்ச் 10, திங்கள்
எந்த பில்டு போட்டாலும் சோதனை ஓடும்படி மாற்றிவிட்டேன். தேறாவிட்டால் எதுவும் வெளியே போகாது.
"யாரக் கேட்டுப் போட்ட? எடு" என்றார் அழகேசன்.
புஷ்பாவின் கையைச் சொன்னேன்.
"அது புருசன் பொண்டாட்டி சண்டை. நமக்கென்ன?"
கீபோர்டைப் பிடுங்கி அவர் வாயிலேயே அடித்தேன். இரண்டு தரம். சட்டையெல்லாம் ரத்தம். பக்கத்து மேசை விஷாலினிதான் என்னை இழுத்துப் பிடித்தாள். வருத்தமா? இல்லை. ஆனால் யாரை அடித்தேன், அவரையா, என்னையா?

மார்ச் 11
வேலை போனது.

மார்ச் 14
புஷ்பாவை அதே தோட்டக் கம்பெனியின் வேறு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்களாம். அங்கேயும் எங்கள் செயலிதான். புருஷனைப் போலீஸ் இன்னும் பிடிக்கவில்லை. சோற்றில் கை வைக்க முடியவில்லை. அழகேசன் சோதனையை எடுத்திருந்தால்?

மார்ச் 20, வியாழன்
விஷாலினி போனில் பேசினாள். "பாஸ் எடுக்கச் சொன்னாருக்கா. நான் எடுக்கல. இன்னைக்கு சோதனையில பில்டு நின்னுருச்சு. வீடு மாத்துனவங்க பட்டியல் பூட்டில்லாம கெடந்துச்சு. அதுல முதல் பேரு புஷ்பா." அழகேசன் குனிந்து அந்தப் பெயரை வாசித்தாராம். தையல் போட்ட வாயோடு, "சரி பண்ணிட்டு அனுப்பு" என்றாராம்.
என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை.

மார்ச் 23, ஞாயிறு
கங்கா அழைத்தாள். புஷ்பாவின் புருஷன் மறுபடி வந்திருக்கிறான், புது இடம் தெரியாமல் பழைய லயத்துக்கே. புதிதாகப் போட்ட கதவையும் வெட்டிச் சாய்த்திருக்கிறான். உள்ளே யாரும் இல்லை. அங்கேயே பிடித்துவிட்டார்கள்.