ஜன்னலுக்கு மேலே பூசிய விரிசல்

அம்மா, இதை யாருக்கும் காட்டாதே, அப்பாவுக்குக்கூட. உன் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

விடுதி ஜன்னலுக்கு வெளியே, மேலே ஒரு விரிசலில் கட்டைவிரல் அளவு வௌவால்கள் இருந்தன. கொசு தின்பவை. நான்தான் பயந்துபோய் வார்டனிடம் சொன்னேன். இன்று மாலை அவை இரை தேடிப் பறந்ததும் கொத்தனார் சிமென்ட் பூசிவிட்டார். "எல்லாம் போயிடுச்சு பாப்பா, இனி நிம்மதியா தூங்கு" என்றார்.

பறக்கத் தெரியாத குட்டிகள் உள்ளேயே இருக்கின்றன, அம்மா. தாய்கள் திரும்பி வந்து சுவரைப் பிறாண்டுகின்றன. கம்பி வழியே கையை நீட்டி, நீ தந்த கரண்டியால் ஈரச் சிமென்டைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். பிடிபட்டால் பள்ளியை விட்டே அனுப்பிவிடுவார்கள். கரண்டி வளைந்துவிட்டது, வேறொன்று அனுப்பு. உன் பழைய புடவை ஒன்றும். குளிருக்கு இல்லை, சும்மாதான்.

முதலில் உள்ளே நிறையக் குரல்கள் கேட்டன. இப்போது ஒன்றுதான் கேட்கிறது. துளை இன்னும் விரல் அகலம்கூட ஆகவில்லை அம்மா, யாரோ கதவைத் தட்டு