அம்மா சுகமா என்று கேட்ட அனானி

12.11.2008 புதன்

விடிந்ததிலிருந்து மழை. நனைந்தபடி கந்தோருக்கு. வலைப்பூவில் பதிவு போட்டு நாளாகிறது. என்ன எழுதுவது?

எழுதலாம்: நண்டுக் குழம்பு (எழுதியாயிற்று), பஸ்ஸில் இடம் பிடிப்பது, குடை.
எழுதக்கூடாது: ஊர்ப் பெயர், சோதனைச்சாவடி, கடல், தம்பி.
மழை? வேண்டாம். எங்கே பெய்கிறதென்று பார்த்தே ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

பின்னேரம் நெட் கபே. நண்டுக் குழம்புக்கு ஒரு பின்னூட்டம், பெயரில்லாத அனானி. "அம்மா சுகமா?" அவ்வளவுதான்.

புனைபெயரில் எழுதுகிறேன், அதுவும் தனிக்கட்டை மாதிரி. அம்மா என்ற சொல்லே வலைப்பூவில் இல்லை. முதல் பதிவிலிருந்து தேடிப் பார்த்துவிட்டேன். யார் இது?

13.11 வியாழன்

நித்திரை சரியில்லை. சந்தேகப்பட வேண்டியவர்கள்:

கு. நெட் கபே முதலாளி. அடையாள அட்டை இலக்கம் எழுதி எடுக்கிறவர். "தங்கச்சி நிறைய டைப் பண்ணுறீங்க போல" என்றார். சிரிப்பு வேறு.

சு. மண்டூர்க்காரி, கந்தோரில் பக்கத்து மேசை. "என்னகா ஒரே யோசின? ஆரும் கடிதம் கிடிதம் போட்டிருக்காங்களோ?" கடிதம் என்று ஏன் அவள் வாயில் வர வேண்டும்?

பிறகு அந்த மோட்டார் சைக்கிள் ஆட்கள். போன மாதமும் இரண்டு பேர் வந்து, "மகன் போன் கோல் எடுத்தவரா?" என்று அம்மாவிடம் கேட்டுப் போனார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று சொல்லவில்லை. தம்பி போன் கார்ட் வாங்கச் சந்திக்குப் போனவன், இரண்டு வருஷமாகத் திரும்பவில்லை. இவர்களும் தேடுகிறார்கள் என்றால் அவன் எங்கோ தப்பியிருக்கிறான் என்றுதானே அர்த்தம்? அப்படி நினைத்தால் சந்தோஷம். உடனே பயம்.

15.11 சனி

இன்னொருவரும் இருக்கலாம். தம்பியே. நேற்று முழுக்க அதை எழுதக் கை வரவில்லை.

சோதித்துப் பார்ப்பது என்று முடிவு. பொய் சொன்னால் அவனுக்குப் பொறுக்காது, சாப்பாட்டில் இருந்தாலும் எழும்பி வந்து திருத்துவான். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று தண்ணீர்த் தாங்கியில் ஏறியது நாங்கள் மூன்று பேர்தான். அம்மா, நான், அவன். அங்கே நடந்தது வேறு யாருக்கும் தெரியாது.

எழுதக்கூடாது என்றிருந்த கடலை எழுதினேன். "அம்மாவின் கையைப் பிடித்து நானே மேலே இழுத்தேன்." சுத்தப் பொய். தட்டும்போதே வெட்கம்.

16.11 ஞாயிறு

கரண்ட் இல்லை, கபே பூட்டு. வாவித் தண்ணீர் ரோட்டுவரை வந்துவிட்டது.

அம்மா: "என்ன புள்ள, காலில சுடுதண்ணி ஊத்தினாப்போல திரியிறாய்?"
"ஒண்டுமில்லம்மா."

அம்மாவிடம் சொல்ல முடியாது. சொன்னால் மத்தியானத்துக்குள் கோயிலில் நேர்த்திக்கடன், பின்னேரத்துக்குள் ஊர் முழுக்க.

17.11 திங்கள்

எழுதி முடித்ததும் இந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட வேண்டும்.

கந்தோரில் அரை நாள் லீவு. கபேயில் மூலை மேசை. முதல் பின்னூட்டம் கனடாவிலிருந்து: "கண் கலங்கிவிட்டது சகோதரி, நீங்கள் வீரப்பெண்." அதற்குக் கீழே அனானி:

"இழுத்தது கையில இல்ல, கொண்டையில. இழுத்ததும் நீங்க இல்ல. மயிரெல்லாம் போச்செண்டு அம்மா ஏசின ஏச்சு மறந்துபோச்சா அக்கா?"

இருக்கிறான். உயிரோடு இருக்கிறான். அதே வாய்க்கொழுப்போடு இருக்கிறான். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

கு. திரும்பிப் பார்த்தார். "என்ன தங்கச்சி?"
"தடிமன், மூக்கு ஒழுகுது."

எங்கே இருக்கிறாய் என்று தட்டினேன். அனுப்பவில்லை. அவன் பதில் சொன்னால் எனக்கு மட்டுமா தெரியும்? யாரும் பக்கத்தில் இருந்து எழுதவைக்கிறார்களோ என்றும் ஓடியது. இல்லை, அம்மாவின் ஏச்சைப் போடச் சொல்லி எவன் கேட்பான்? அவனேதான். அதுதான் பயம். அந்த ஆட்கள் வலைப்பூ பார்க்கிறவர்களாக இருந்தால், அவன் உயிரோடு இருக்கிறான் என்று நானே பொய் சொல்லி அவன் கையால் எழுதி வாங்கி அவர்களிடம் கொடுத்ததாகிவிடும். நேற்று இரவு போட்டிருக்கிறான். இதுவரை எத்தனை பேர் வாசித்தார்களோ.

அச்செடுக்கக் கு.விடம்தான் கேட்க வேண்டும். கேட்கவில்லை. திரும்பத் திரும்ப வாசித்துப் பாடமாக்கினேன். பிறகு அதன் கீழே இருந்த குப்பைத்தொட்டிப் படத்தில் அழுத்தினேன். இந்தப் பின்னூட்டத்தை நிரந்தரமாக அழிக்கவா என்று கேட்டது.

ஓம் என்று கொடுத்தேன்.