ஒரே துணி, இரண்டு லேபிள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் நலம், நம்பு. நீயும் மருமகளும் பேத்தியும் நன்றாக இருக்க வேண்டும். பேத்தியின் படம் வந்தது. மூக்கு என் மூக்கு, அதில் யாருக்கும் பங்கில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் நீ இரண்டு முடித்துவிடுகிறாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது.

ஒன்றாம் தேதியிலிருந்து என்னோடு தங்கி மாத்திரை எடுத்துக் கொடுக்க ஒரு பெண்ணை ஏற்பாடு செய்திருக்கிறாய் என்று மேல்வீட்டு டீச்சர் சொன்னாள். மாத்திரைப் பெட்டியின் சாவியும் அந்தப் பெண்ணிடம்தானாம். அவள் வர வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் கடைசிவரை படி.

போன மாதம் குளியலறை வாசலில் தலைசுற்றி விழுந்தேன். உண்மைதான். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, உனக்குப் போன் போட்டார். அம்மாவுக்கு ஞாபகம் குறைஞ்சிருக்கும், மாத்திரையை மாத்தி முழுங்கியிருப்பாங்க என்று என் தலைக்கு மேலேயே சொன்னார். நீயும், அஞ்சாவதுதான் சார் படிச்சிருக்காங்க என்றாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

அன்றிலிருந்து பெட்டி மேல்வீட்டில். டீச்சர் தங்கமானவள். காலையும் மாலையும் இறங்கி வந்து உள்ளங்கையில் மாத்திரையை வைத்து, முழுங்கிட்டீங்களா ஆன்ட்டி, ஆ காட்டுங்க என்பாள். எழுபத்து மூன்று வயதில் ஆ காட்டினேன். அப்படியும் தலைசுற்றல் நிற்கவில்லை. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. அவ்வளவு படித்தவள் கையால் கொடுத்தும் சுற்றுகிறது என்றால், கோளாறு என் மூளையில் இல்லை, பெட்டியில் இருக்கிறது.

மாத்திரை அட்டைகளை எல்லாம் கொண்டுவரச் சொல்லிப் பரப்பிவைத்தேன். முப்பத்தொரு வருஷம் ஆயத்த ஆடை கம்பெனியில் லேபிள் பார்த்தவள் நான். ஒரே துணி, ஒரே தையல். இந்தப் பெட்டிக்கு ஒரு பெயர், அந்தப் பெட்டிக்கு வேறு பெயர். கழுத்து லேபிளை நம்பாதே, உள்தையலில் இருக்கும் சின்ன லேபிளைப் பார் என்பதுதான் எங்களுக்கு முதல் பாடம். தெருமுனை டாக்டர் பத்து வருஷமாகக் கொடுக்கும் பிரஷர் மாத்திரை நீல அட்டை. விழுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் கண் ஆபரேஷனுக்குப் போனபோது பெரிய ஆஸ்பத்திரியில் எழுதித் தந்தது சிவப்பு அட்டை. மேலே பெரிய எழுத்தில் வேறு வேறு பெயர். கீழே எறும்பு ஊர்கிற மாதிரி இருந்த இங்கிலீஷ் எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். பத்து எழுத்தும் ஒன்று. பக்கத்து நம்பரும் ஒன்று. ஒரே மருந்தை இரண்டு பெயரில் தினமும் இரட்டிப்பாக விழுங்கியிருக்கிறேன். டீச்சரும் அதையேதான் கொடுத்திருக்கிறாள், பாவம்.

என் தப்பையும் எழுதிவிடுகிறேன். கண் ஆபரேஷன் முடிந்து அனுப்பும்போது, இதெல்லாம் தவறாம சாப்பிடுங்க, புரிஞ்சுதா என்றார்கள். பழசை நிறுத்தணுமா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. பின்னால் வரிசை. படிக்காதவள் என்று நினைத்துவிடுவார்களே என்று, புரிந்த மாதிரி தலையாட்டினேன்.

போன வாரம் திங்கட்கிழமை அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். துணைக்கு யாரும் வரலையா பாட்டி என்றாள் டோக்கன் கொடுக்கிறவள். கால் ரெண்டும் வந்திருக்கு என்றேன். உனக்குப் போன் போட்ட அதே டாக்டர் அட்டைகளைப் பார்த்தார், உடனே உன் நம்பரைத் தேடினார். போனை வைங்க சார், முழுங்கப் போறது நான், என் பிள்ளை இல்ல, என்கிட்ட சொல்லுங்க என்றேன். போனை மேஜைமேல் வைத்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பி, இதை நாங்க கேட்டிருக்கணும்மா என்றார். சிவப்பை நிறுத்தினார். எது எதற்கு, எப்போது என்று நர்ஸைத் தமிழில் பெரிதாக எழுதித் தரச் சொன்னேன். புரிஞ்சுதா என்றார் டாக்டர். இல்ல, இன்னொரு தரம் சொல்லுங்க என்றேன். மூன்று தரம் சொல்லவைத்தேன். வரிசை முணுமுணுத்தது. முணுமுணுக்கட்டும்.

பன்னிரண்டு நாளாகத் தலைசுற்றல் இல்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீ ஏம்மா அழற, உனக்கும்தான் யாரும் சொல்லலையே என்றேன்.

நாளைக்கு எனக்குக் கண் தெரியாமல் போகலாம், ஞாபகமும் போகலாம். அன்றைக்கு நானே ஆள் கேட்பேன், வெட்கப்பட மாட்டேன். அதுவரை சாவி என்னிடம்.

உன் அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த அன்றும் புரிஞ்சுதா என்றுதான் கேட்டார்கள். அன்றும் புரியாமலே தலையாட்டினேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த தடவை ஆஸ்பத்திரியிலிருந்து உனக்குப் போன் வந்தால் என் படிப்பைச் சொல்லாதே. அம்மாகிட்டயே சொல்லுங்க சார், அவங்க கேட்டுக்குவாங்க என்று சொல். அப்புறம் எனக்குப் போன் போட்டு, டாக்டர் என்னம்மா சொன்னார் என்று கேள். நான் சொல்லி முடிக்கிறவரைக்கும் கேள்.

நூறு வருஷம் நன்றாக இரு, ராசா.

என்றும் உன்
அம்மா