ஆள்காட்டிக்காக வாய் திறந்தேன்

சிங்கவரம்,
செஞ்சி தாலுகா.
9.8.65

என்றென்றும் நலமாயிருக்க வேண்டிய என் மாமாவுக்கு, தனகோட்டி வணங்கி எழுதுவது.

இங்கே உங்கள் நைனா, தம்பி பொன்னுசாமி, அவன் பெண்சாதி பூவாயி, நான், மாடு கன்று எல்லாரும் சுகம். எல்லையில் காவல் நிற்கும் உங்கள் சுகம்தான் தெரியவில்லை. ஆனி மாதம் வந்த கடிதத்துக்குப் பிறகு ஒரு கார்டுகூட வரவில்லை. தெருமுனையில் சைக்கிளைத் திருப்பும்போதே தபால்காரர் தலையை ஆட்டிவிடுகிறார். நான் வாயைத் திறப்பதற்குள் இல்லை என்கிறார் மனிதர். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. பாவம், அவர்தான் என்ன செய்வார்?

நல்ல செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பூவாயி முழுகாமல் இருக்கிறாள். புளியைக் கண்டால் விடுவதில்லை. செவலைப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. மழை நன்றாகப் பெய்து மேட்டுக்கொல்லையில் மல்லாட்டை விதைத்தாகிவிட்டது. அந்த விதைப்பில்தான் ஒரு கூத்து நடந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் உங்களிடம் மறைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நீங்கள் நல்லபடியாக வீடு வந்து சேரும்வரை, சனிக்கிழமை தோறும் விடிந்ததிலிருந்து உச்சிப் பொழுது வரைக்கும் வாய் பேசுவதில்லை என்று நம் மலை ரங்கநாதருக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன். நானா! குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் கிணற்றடியில் பேசிக்கொண்டு நிற்பவள் நான். பூவாயி கேட்டதும், “பட்டினி கெடக்கறேன்னு வேண்டியிருக்கக் கூடாதாக்கா? அதுவாச்சும் ஒன்னால முடியும்” என்றாள். உங்களுக்கு எழுதினால் பட்டாளமே சிரிக்கும் என்றுதான் எழுதவில்லை.

வீட்டில் இருந்தால் வாய் நிற்காது என்று மேட்டுக்கொல்லை வரப்பில் போய் உட்காருவேன். வாய்தான் மூடியிருந்தது, உள்ளே ஒரே கூச்சல். பூவாயிக்கு நான் கொடுத்திருக்க வேண்டிய பதில், தபால்காரரின் தலையாட்டல், டீக்கடை ரேடியோவில் சொன்ன சண்டைச் செய்தி என்று செஞ்சி சந்தையே மண்டைக்குள் கூடிவிடும். தாங்க முடியாமல், கண்ணெதிரே எதையாவது ஒன்றைப் பார்ப்போம் என்று, கத்திக்கொண்டிருந்த ஆள்காட்டிக் குருவியைப் பார்க்க ஆரம்பித்தேன்.

நீங்கள் அந்தக் கொல்லையிலேயே வளர்ந்தவர். ஆனாலும் அதைப் பார்த்திருப்பீர்களா என்பது சந்தேகம்தான். கத்தினால் கல்லெடுத்து எறிவதோடு சரி. மஞ்சள் கால். கண்ணுக்கு முன்னால் குங்குமம் வைத்த மாதிரி சிவப்பு. ஆள் வந்தால் போதும், ஊரைக் கூட்டிவிடும். நான் அசையாமல் இருந்தால்தான் அடங்கும். கவலை வந்து நான் பெருமூச்சு விட்டால்கூட எழுந்துகொண்டது. அதை உட்கார வைக்க வேண்டுமானால் முதலில் என் மனசு உட்கார வேண்டியிருந்தது. மூச்சு போவதையும் வருவதையும் கவனித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அதுவும் மெல்ல நடந்து வந்து, பொட்டல் மண்ணில் ஓர் இடத்தில் வயிற்றைத் தாழ்த்தி உட்கார்ந்தது. அது எழுந்து போனதும் எட்டிப் பார்த்தால் நாலு முட்டை! கூடு கிடையாது. மண் நிறத்தில் கறுப்புத் திட்டுகள், சுற்றிலும் பொடிக்கல். தெரியாமல் மிதித்தால் போயிற்று.

வெயில் ஏறியதும் ஒரு குருவி வாய்க்காலுக்குப் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காருகிறது மாமா, சூடு தணிய! ஒன்று எழுந்தால் இன்னொன்று வந்து உட்காருகிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நாம் இரண்டு பேரும் ஒன்றாக ஒரு வீட்டில் இருந்தது எத்தனை நாள்!

பொன்னுசாமியிடம் முட்டையைப் பற்றிச் சொல்லித்தான் இருந்தேன். நான் பேசுவதில் பாதி அவன் காதில் ஏறாது. போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை, ஈரம் காய்வதற்குள் உழ வேண்டும் என்று காலையிலேயே மேட்டுக்கொல்லையில் ஏர் பூட்டிவிட்டான். நான் வரப்பிலிருந்து இரண்டு கையையும் வீசினேன். தண்ணீர் கேட்கிறேன் என்று செம்பைத் தூக்கிக் காட்டினான். விரலைக் குவித்து முட்டை மாதிரி காட்டினேன். “இன்னா அண்ணி, பசிக்குதா?” என்றான். ஓடிப்போய் மாட்டுக்கு முன்னால் நின்று தரையைக் காட்டினேன். “ஐயையோ, பாம்பா!” என்று குச்சியை ஓங்கிக்கொண்டு நேராக முட்டை இருந்த பக்கமே பாய்ந்தான்.

தலைக்கு மேலே குருவி இரண்டும் அலறின. அவற்றைவிடப் பெரிதாக நான் அலறினேன்: “டேய், கால எடுறா! முட்ட!”

தூக்கிய காலை அப்படியே வைத்துக்கொண்டு நின்றான். உங்கள் தம்பியை நான் டேய் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இரண்டு பேருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. பிறகு அவன் முகம் மாறிவிட்டது. “அண்ணி, பேசிட்டீங்களே” என்றான் மெதுவாக. நிமிர்ந்து பார்த்தேன், பொழுது இன்னும் உச்சிக்கு வரவில்லை.

அந்த இடத்தை மட்டும் சுற்றி உழுதான். விதைக்காமல் விட்டதற்கு நைனா திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ, “அந்தத் துண்டுல வெளயறத வச்சி கோட்டையா கட்டப் போறோம்? அதான் ஏற்கெனவே ஒண்ணு நிக்குதே, வுடுடா” என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை நாலு குஞ்சும் பொரிந்து, ஈரம் காய்ந்த உடனே ஓட்டம்! ஆடு ஓட்டுகிறவர்களை அந்தப் பக்கமே விடாமல் விரட்டுவது இப்போது பொன்னுசாமிதான். முந்தாநாள் பூவாயியும் என்னோடு வந்து பேசாமல் உட்கார்ந்தாள். குஞ்சைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

விரதம் கெட்டதற்குக் கோயிலில் போய் அழுதேன். பட்டர் துளசி கொடுத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பி என்றார். ஆரம்பித்துவிட்டேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. உங்கள் உயிருக்காக மூடிய வாயை ஒரு குருவிக்காகத் திறந்துவிட்டேனே என்று இருக்கிறது. மறுபடி அப்படி நேர்ந்தாலும் கத்தத்தான் செய்வேன் மாமா. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நான் செய்தது தப்பா இல்லையா என்பது உங்கள் கையெழுத்தைப் பார்த்தால்தான் தெரியும். நலம் என்று ஒரே வார்த்தை எழுதுங்கள், போதும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். பனியில் காதை மூடிக்கொள்ளுங்கள் என்று எழுத வந்தேன், வேண்டாம். காதைத் திறந்தே வையுங்கள். அங்கே ஏதாவது பறவை கத்தினால் கல்லெடுக்காமல் நின்று பாருங்கள். மனிதர் யாராவது கத்தினால் மட்டும் நிற்காதீர்கள். என்ன ஏது என்று கேட்காதீர்கள். அந்த நிமிஷமே குனிந்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்களுக்காகவே இருக்கும்
தனகோட்டி